வீட்டு உபயோகப் பொருட்கள் தயாரிப்பவர்களுக்கு: பொருத்தித் தருவதும் உங்கள் வேலைதான்

வணக்கம்.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி போன்றவற்றைச் செய்து விற்கும் நிறுவனங்களுக்கும், அவற்றை வீட்டில் பொருத்தித் தர ஆள் அனுப்பும் சர்வீஸ் பிரிவுகளுக்கும் இதை எழுதுகிறேன். உங்கள் பொருட்களின் தரத்தைப் பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை. ஆனால் பணம் கட்டி முடித்ததிலிருந்து பொருள் ஒழுங்காக ஓடத் தொடங்கும் வரை வாங்கியவரை அம்போவென்று விட்டுவிடுகிறீர்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

புதுப் பொருள் வந்து இறங்குவது பெரும்பாலும் விடுமுறை நாளில்தான். மற்ற நாட்களில் வீட்டில் யார் இருப்பார்கள்? எல்லோரும் ஒன்றாக இருக்கும் நாள் என்பதால் சினிமாவுக்குப் போவதையும் அன்றைக்கே வைத்துக்கொள்வோம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. காலையிலேயே பொருட்கள் வந்துவிட்டன. கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகளும் தெர்மாகோலும். பொருத்துகிற ஆள் எப்போது வருவார் என்று கேட்டால், "பத்து மணியிலிருந்து ஆறு மணிக்குள் வருவார்" என்றார்கள். எங்களுக்கு டிக்கெட் மாலைக் காட்சிக்கு. மதியத்துக்கு மேல் மறுபடி போன் செய்தோம். "கிளம்பிவிட்டார், வந்துகொண்டே இருக்கிறார்" என்ற பதில்தான். கடைசியில், "நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் இருக்கிறேன்" என்று அப்பா வீட்டிலேயே தங்கிவிட்டார். அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்று வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

இருட்டிய பிறகு வந்த அந்தத் தொழிலாளி மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்கு அவர் தலையில் அத்தனை வீடுகளைக் கட்டியிருந்தார்கள். மதியச் சாப்பாடுகூட இல்லாமல் வந்திருக்கிறார் என்று அப்பா பிறகு சொன்னார். ஒரே ஆளிடம் நாள் முழுவதற்குமான வேலையைக் கொடுத்துவிட்டு, வாடிக்கையாளருக்கு எட்டு மணி நேர இடைவெளியைச் சொல்வது உங்களுக்கு வசதி. அதற்கான விலையை அவரும் நாங்களும் கொடுக்கிறோம். இரண்டு மணி நேர அளவில் ஒரு நேரம் சொல்லுங்கள். முந்தைய வீட்டில் வேலை முடிந்ததும் அடுத்த வீட்டுக்கு ஒரு குறுஞ்செய்தி போகட்டும். முடியாவிட்டால் "இன்று முடியாது" என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். அதைக்கூட எங்களால் ஏற்றுக்கொள்ள முடியும்.

அடுத்தது, நாங்களே செய்துகொள்ளக்கூடிய வேலைகள். முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ட்ரம் ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. லாரியில் வரும்போது அது ஆடி உடையாமல் இருக்க, பின்பக்கத்தில் நீளமான போல்ட்டுகளைப் போட்டு இறுக்கி அனுப்புகிறீர்கள். அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் மெஷின் தரையில் குதித்து நகரும், உள்ளே பாகங்களும் கெட்டுப்போகும். இவ்வளவு முக்கியமான விஷயத்தை எங்கே எழுதியிருக்கிறீர்கள்? ட்ரம்முக்குள் பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்த கையேட்டில், பொடி எழுத்தில். அதைக் கதவின் மேலேயே, படத்தோடு, வாங்குகிறவர் வாசிக்கும் மொழியில் பெரிதாக ஒட்டி அனுப்பக் கூடாதா? கழற்றிய போல்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், வீடு மாறும்போது மறுபடி மாட்ட வேண்டியிருக்கும் என்பதையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள்.

கழற்ற ஒரு ஸ்பேனர் போதும். கால்களைத் திருகி ஏற்றி இறக்கி மெஷினை ஆடாமல் மட்டமாக நிறுத்தவும் வீட்டில் ஒருவரால் முடியும். ஆனாலும் நாங்கள் கை வைப்பதில்லை. வாரண்டி போய்விடுமோ என்ற பயம்தான் காரணம். எதை நாங்கள் செய்யலாம், எதற்கு உங்கள் ஆள் கட்டாயம் வர வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள். பாதி வீடுகளில் காத்திருப்பே தேவைப்படாது. உங்கள் ஆட்களுக்கும் சுமை குறையும்.

ஃபிரிட்ஜ் விஷயம் இன்னும் சுலபம். வண்டியில் படுக்கவைத்து வந்திருந்தால் கம்ப்ரசரில் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் போயிருக்கும். நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் விட்டால் அது திரும்ப இறங்கிவிடும், அப்புறம்தான் சுவிட்சைப் போட வேண்டும். அது எப்படி வந்தது என்பது இறக்கி வைத்தவருக்குத்தான் தெரியும். எத்தனை மணிக்குமேல் ஓட விடலாம் என்று அவர் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போனால் போதும். அந்த நேரத்தில் குடும்பத்தோடு படத்துக்கே போய்விட்டு வந்துவிடலாம்.

டிவி தயாரிப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அன்றிரவு நாங்கள் திரும்பி வந்தபோது அப்பா புது டிவியில் தனக்குப் பிடித்த பழைய படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை. "என்னவோ சீரியல் பார்க்கிற மாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்னது சரிதான். பேசும் படம் வந்த 1920களின் கடைசியிலிருந்து சினிமா பெரும்பாலும் விநாடிக்கு 24 படச்சட்டங்களில்தான் (ஃபிரேம்களில்தான்) எடுக்கப்படுகிறது. அந்த அசைவு நம் கண்ணுக்குப் பழகிய அசைவு. பல டிவிகள் இரண்டு சட்டங்களுக்கு நடுவே தாமாகவே புதுச் சட்டங்களை உருவாக்கிச் செருகுகின்றன. விளையாட்டுப் போட்டிக்கு அது பிடித்தவர்கள் உண்டு. படத்துக்கோ அது மொத்தச் சாயலையும் மாற்றிவிடுகிறது. 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை அணைத்துவிடுங்கள் என்று மக்களைக் கேட்டு ஒரு வீடியோவே வெளியிட்டார்கள். 2019இல் இந்தச் செருகலை அணைத்துப் படத்தை எடுத்த விதத்திலேயே காட்டுவதற்கென்று 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்ற டிவி செட்டிங்கும் அறிவிக்கப்பட்டது. இருந்தும் பல டிவிகள் இந்த வசதியை ஆன் செய்த நிலையிலேயே வீட்டுக்கு வருகின்றன. ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்து, மெனுவின் அடியாழத்தில் வைத்திருக்கிறது. ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மட்டும் தெரிந்த ஒரு பெரியவர் அதை எங்கே போய்த் தேடுவார்?

முதல் முறை ஆன் செய்யும்போது மொழியைக் கேட்கிறீர்கள், வைஃபையைக் கேட்கிறீர்கள், பல டிவிகள் வீட்டில் வைக்கிறீர்களா கடையில் வைக்கிறீர்களா என்றுகூடக் கேட்கின்றன. அதோடு, "படங்களை எடுத்த விதத்திலேயே காட்டட்டுமா?" என்றும் கேளுங்கள். ஆமாம் என்று அழுத்தினால் இந்தச் செருகும் வேலை மொத்தமாக நிற்க வேண்டும். ஏற்கெனவே விற்ற டிவிகளுக்கும் அப்டேட்டில் இதைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர்