பிளையோசர் டைனோசர் அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கடந்த வாரச் சிறுவர் பக்கத்தில் பிளையோசரைக் 'கடல் டைனோசர்' என்று எழுதியிருந்தீர்கள். அது டைனோசர் அல்ல. அதே காலத்தில் கடலில் வாழ்ந்த வேறொரு ஊர்வன இனம். 2022 இல் இங்கிலாந்தின் டோர்செட் கடற்கரைப் பாறையில் கண்டெடுத்த பிளையோசரின் மண்டையோடு மட்டுமே 2 மீற்றர் நீளம்! வயது சுமார் 15 கோடி ஆண்டுகள். குட்டைக் கழுத்து, நான்கு துடுப்புக் கால்கள். மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும், ஆமையைப் போல. முல்லைத்தீவுக் கடலில் ஆமை தலை நீட்டுவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று விளங்கும்.

என் வகுப்புப் பிள்ளைகள் உங்கள் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து திருத்தம் போடுங்கள். பிளையோசருக்கு அருகில் ஒரு ஆளை நிறுத்தி அளவு காட்டும் படமும் வேண்டும்.

விஞ்ஞான ஆசிரியை,
முல்லைத்தீவு.