மச்சானுக்கு, பெருமாள்மலையிலிருந்து

பெருமாள்மலை,
ஆடி 4

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். நீயும் கோயம்புத்தூரில் மகன், மருமகள், பேத்தியோடு நலமாக இருப்பாய். சம்பிரதாயம் முடிந்தது. இனி நீ திட்ட ஆரம்பிக்கலாம். மூணு தடவை போன் அடித்தாய், எடுக்கவில்லை. பேத்தி காதுகுத்துக்கு வரவில்லை. வர முடியாததற்குக் காரணம் உனக்குத் தெரியும். போன் எடுக்காததற்குத்தான் காரணம் சொல்ல வேண்டும். "தங்கச்சி எப்படிடா இருக்கா?" என்று நீ கேட்பாய், "பரவால்ல" என்று நான் சொல்வேன், அதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த "பரவால்ல"வை சொல்லிச் சொல்லி வாய் புளித்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் உன் விசிலுக்கு வண்டி ஓட்டியவன் நான். உட்கார்ந்து நாலு பக்கம் படி.

குள்ளமணி வீட்டைக் காலி பண்ணி வத்தலக்குண்டுக்கே போய்விட்டான். மீசை செக்கர் இப்போது மீசை இல்லாமல் திரிகிறார், அடையாளமே தெரியவில்லை. பேரிக்காய் இந்த வருஷம் மரத்துக்கு மரம் வித்தியாசம், கீழ்த்தோட்டம் மோசம். ஊர்ச் செய்தி இவ்வளவுதான்.

உன் தங்கச்சிக்குக் கால் கொஞ்சம் வந்திருக்கிறது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை நடக்கிறாள். வலது கை இன்னும் வரவில்லை. மெத்தென்ற ஒரு பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அமுக்குகிறாளா, வெறுமனே பிடித்திருக்கிறாளா என்று எனக்கே தெரிவதில்லை. பேச்சுதான் பெரிய விஷயம். மூளையில் இடது பக்கம் அடைத்ததால் கையும் போச்சு, வார்த்தையும் போச்சு என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். நாம பேசுவது எல்லாம் அவளுக்குப் புரிகிறது. பதில் சொல்லத்தான் சொல் கிடைப்பதில்லை. என் பேர் வராது, மகன் பேர் வராது, தண்ணி வராது, சோறு வராது. ஒரே ஒரு சொல்தான் முழுசாக, கணீரென்று வருகிறது.

முருகா.

சிரிக்காதே மச்சான். தண்ணி வேண்டுமென்றாலும் முருகா. லைட்டைப் போடு என்றாலும் முருகா. டிவி சத்தத்தைக் குறை என்றாலும் முருகா. கக்கூஸுக்குக் கூட்டிப் போ என்றால் கொஞ்சம் அவசரமான முருகா. நான் காப்பியில் சர்க்கரை போட மறந்தால் ஒரு முருகா சொல்வாள் பார், அதில் நாப்பது வருஷக் குடும்பமே இருக்கும். முதல் ரெண்டு மாசம் எனக்குப் பைத்தியம் பிடித்தது. தண்ணியைக் கொண்டுபோனால் தலையாட்டுவாள், போர்வையைக் கொண்டுபோனால் தலையாட்டுவாள், கடைசியில் ஜன்னலைக் காட்டுவாள். இப்போது பழகிவிட்டது. எஞ்சின் சத்தத்தை வைத்து எந்த சிலிண்டர் சரியில்லை என்று சொல்லுவேனே, அந்த மாதிரி எந்த முருகா எதற்கு என்று அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

இதை உனக்கு எழுதக் காரணம் இருக்கிறது. அதற்கு முன்னால் விளக்கு.

சாமி விளக்கு ஏற்றுவது அவள் வேலை. கல்யாணமான நாளிலிருந்து நான் அந்த மாடத்தைத் தொட்டதில்லை. என் பக்தி என்னவென்று உனக்குத் தெரியும். டிரிப் எடுக்கும் முன் சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம், சூடம், ஸ்டியரிங்கைத் தொட்டு ஒரு கும்பிடு. கண்ணாடி ஓரத்தில் முருகன், வேளாங்கண்ணி மாதா, நாகூர் தர்கா மூணும் ஒட்டியிருக்கும். மாதா படத்தை ஒட்டியது நீ. அப்புறம் ஏதாவது கஷ்டம் வந்தால் பழனிக்கு மொட்டை என்று வேண்டுவேன். கஷ்டம் தீர்ந்தால் மொட்டை தள்ளிப்போகும். நீ பாக்கிச் சில்லறையை டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதிக் கொடுப்பாயே, இறங்கும்போது ஜனம் மறந்துவிடும், அது மாதிரிதான் நானும் முருகனும். யார் யாருக்குப் பாக்கி என்றே தெரியாது. இப்போது எண்ணிப் பார்த்தால் என் தலைக்கு மூணு மொட்டை நிலுவை. எடுக்க முடிதான் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் சாயங்காலம் மாடத்தைப் பார்த்து முருகா என்றாள். விளக்கு. சரி என்று போனேன். எண்ணெய் எங்கே, திரி எங்கே என்றே தெரியாது. திரியை நான் உருட்டினால் கொழுக்கட்டை மாதிரி வருகிறது. தீப்பெட்டியைப் பற்றி உனக்குச் சொல்லவே வேண்டாம், இந்தப் பனியில் எந்தப் பெட்டி பற்றுகிறது? ஒன்பது குச்சி கிழித்தேன். மருந்து உரிந்து உரிந்து விழுகிறது. பத்தாவது குச்சியில் கோபம் வந்து பெட்டியைத் தூக்கி அடித்தேன். அவள் கட்டிலில் இருந்தபடியே இடது கையை நீட்டி அரிசி டின்னைக் காட்டினாள். திறந்து பார்த்தால் அரிசிக்குள் புதைத்து வைத்த ஒரு தீப்பெட்டி. ஈரம் ஏறாமல் இருக்க. முதல் கிழியிலேயே பற்றியது. இத்தனை வருஷம் அந்த அரிசியைத்தானே தின்றேன், எனக்குத் தெரியாதே மச்சான்.

அன்றிலிருந்து தினமும் நான்தான் ஏற்றுகிறேன். ஆனால் பக்தியோடு ஏற்றினேன் என்று எழுதினால் பொய். பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினேன். முருகன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காது. வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருந்தவள், குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்தே போய் வந்தவள், அவளுக்குத்தானா இது? மார்கழியில் ஒரு நாள் ராத்திரி அவள் விழுந்துவிட்டாள். தூக்கி உட்கார வைப்பதற்குள் என் முதுகு பிடித்துக்கொண்டது. நான் தரையில், அவளும் தரையில். மாடத்தைப் பார்த்துக் கத்தினேன். "நீ நல்லா இருடா! ரெண்டு பொண்டாட்டியோட நீ நல்லா இரு!" அவள் என்னைப் பார்த்தாள். பயந்தாளோ என்று நினைத்தேன். மச்சான், சிரித்தாள். ஒரு பக்க வாய் மட்டும் கோணிக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு. ஐப்பசிக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

மறுநாள் எனக்கு மனசு குறுகுறுத்தது. சாமியைத் திட்டிவிட்டோமே என்று டீக்கடையில் நம்ம தமிழ் வாத்தியாரிடம் சொன்னேன். எண்பது வயசுக்கு மேலே, இன்னும் டீயை சாசரில் ஊற்றித்தான் குடிக்கிறார். "நீ திட்டினதெல்லாம் ஒரு திட்டா? சுந்தரரைக் கேளு" என்று ஆரம்பித்துவிட்டார். நாயன்மார் கதை பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், மண்டையில் நின்றதில்லை. அப்பர் சிவனுக்கு வேலைக்காரன் மாதிரி, சம்பந்தர் பிள்ளை மாதிரி, சுந்தரர் சிநேகிதன் மாதிரியாம். தம்பிரான் தோழர் என்றே பேர். மனைவி பரவையோடு சண்டை வந்தபோது நடுராத்திரி திருவாரூர் தெருவில் சிவனையே தூது அனுப்புகிறார். ஒரு தடவை போய் வேலைக்கு ஆகாமல் ரெண்டாம் தடவையும் போகிறார் சிவன். நீயும் நம்ம குள்ளமணிக்காக அவன் மாமனார் வீட்டுக்கு ரெண்டு தடவை போனாயே, அதே கதை. அதற்கு முன்னால் நடந்தது இன்னொன்று. திருவொற்றியூரில் ரெண்டாவது மனைவி சங்கிலியாரை விட்டுப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் பண்ணி, அதை மீறிக் கிளம்பியதும் ரெண்டு கண்ணும் போய்விடுகிறது. தப்பு சுந்தரருடையதுதான். ஆனாலும் விடவில்லை. வழியில் ஒரு ஊன்றுகோல் கிடைக்கிறது, காஞ்சிபுரத்தில் இடது கண் வருகிறது, வலது கண் இன்னும் வரவில்லை. திருவாரூருக்கு வந்து நின்று, "வாழ்ந்து போதீரே" என்று பாடுகிறார். நீரே நல்லா வாழ்ந்துட்டுப் போம் என்று. வாத்தியார் இதைச் சொன்னதும் எனக்கு டீ புரையேறிவிட்டது. நான் ராத்திரி கத்தினதும் அதேதானே! "அதுக்கப்புறம் கண்ணு வந்துச்சா?" என்றேன். "வந்துச்சு. ஆனா நீ அதுக்காகத் திட்டாதே" என்றார் கிழவர்.

எனக்கு அதில் பிடித்தது கண் வந்தது இல்லை. சண்டை போட்டும் கோயிலுக்கே போய் நின்றான் பார், அது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வேற ஊருக்குப் பஸ் ஏறவில்லை. நான் உன்னோடு பேசாமல் இருந்தேனே ஒன்பது மாசம், அதைவிட நீ வந்து என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இப்போது தோன்றுகிறது.

அப்புறம் உன் கணக்கு. உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நைட் ஹால்ட்டில் கலெக்‌ஷன் கட்டிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்து கண்ணை மூடுவாய். தூங்குகிறாயோ என்று நான் பீடி நீட்டினால் தட்டிவிடுவாய். ஆன்ம சோதனை என்பாய். செண்பகனூர் சேசு சபை மடத்தில் உங்கப்பா தோட்ட வேலை பார்த்தபோது சாமியார் ஒருவர் உனக்குச் சொல்லிக் கொடுத்தது. இஞ்ஞாசியார் என்கிற சிப்பாய், 1521-ல் பீரங்கிக் குண்டில் கால் நொறுங்கி மாசக்கணக்கில் படுத்தவர், அவர் வகுத்த முறை என்று சொன்னாய். முதலில் நன்றி, அப்புறம் வெளிச்சம் கேட்பது, அப்புறம் காலையிலிருந்து மணிக்கு மணி நடந்ததைத் திருப்பிப் பார்ப்பது, மன்னிப்பு, கடைசியில் நாளைக்கு என்ன என்று. "ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் டிக்கெட் கணக்கு எழுதி இன்வாய்ஸ் போடறோமில்ல, அதுதான் மாப்ள" என்றாய். நான் கேலி பண்ணினேன். கண்டக்டர் புத்தி மேலே போனாலும் போகாது என்று.

இப்போது நான் அதைத்தான் செய்கிறேன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவள் தூங்கின பிறகு மாடத்துக்கு எதிரே உட்கார்ந்து டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை, மூஞ்சிக்கல் என்று ஒவ்வொரு ஸ்டேஜாக அன்றைய நாளை இறக்குகிறேன். காலையில் குளிக்க வைக்கும்போது கையை முரட்டுத்தனமாகப் பிடித்தேன். பத்து மணிக்கு மகன் போனில் கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். மத்தியானம் வெயில் வந்தது, அவளை வாசலில் உட்கார வைத்தேன், மலைப்பாலத்துப் பக்கம் ஒரு சாம்பல் அணில் தாவியதைக் காட்டினாள், இடது கையால். இதையெல்லாம் முருகனிடம் சொல்கிறேன். அவனுக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் சொல்கிறேன். கூட வேலை பார்க்கிறவனிடம் சொல்கிற மாதிரி. கடைசியில் உங்காளுக ஆமென் என்பீர்கள். எனக்கு வாயில் வருவது "ரைட்".

பாதி நாள் ஒன்றும் நடப்பதில்லை மச்சான். நன்றி என்று ஆரம்பித்து கியாஸ் புக் பண்ணினோமா என்று போய்விடும். சில நாள் உட்கார்ந்தபடியே தூக்கம். ஏறின கியரிலேயே இறங்கணும் என்று புது டிரைவர்களுக்குச் சொல்லுவேன், இதில் எனக்கு எந்த கியர் என்றே பிடிபடவில்லை. வாத்தியாரிடம் கேட்டால் "உட்காரு, அவ்வளவுதான்" என்கிறார். அவருக்கென்ன, காலாட்டிக்கொண்டு சொல்லுவார்.

ஆனால் ஒன்று. அவள் முருகா என்று கூப்பிடும்போது முன்பெல்லாம் என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து ஓடுவேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. தண்ணிக்குக் கூப்பிடுவது என்னை. ராத்திரி மூணு மணிக்கு, கண்ணைத் திறக்காமல், ரொம்ப மெதுவாகக் கூப்பிடுவது என்னை இல்லை. எழுந்து உட்கார்ந்து பார்ப்பேன். ஒன்றும் வேண்டாம் அவளுக்கு. சும்மா, பக்கத்தில் இருக்கிறாயா என்று கேட்கிற மாதிரி. நானும் இருட்டில் அதே மாதிரி ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். எனக்கு அந்தக் குரல் வரவில்லை. வேண்டுதல் வாடை அடிக்கிறது.

நீ ஒரு தடவை சலேத் மாதா கோயிலில் என்னை நிறுத்திக் காட்டினாய் ஞாபகமா? 1846-ல் பிரான்சு நாட்டு மலையில், ஆடு மாடு மேய்க்கப் போன ரெண்டு பிள்ளைகளுக்கு மாதா காட்சி கொடுத்தபோது, முகத்தைக் கையில் புதைத்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள் என்று. சாமி அழுமா என்று அன்றைக்கு விவாதம் பண்ணினேன். இப்போது பண்ணமாட்டேன்.

ஆகஸ்ட் 15-க்குத் தேர் பார்க்க வருவாய்தானே? வந்தால் வீட்டுக்கு வா. நேரா உள்ளே வந்து அவளிடம் பேசு, சத்தமாகப் பேசாதே, காது நல்லாத்தான் கேட்கிறது. எல்லாரும் வந்து கத்துகிறார்கள், அவளுக்கு அதில்தான் கோபம். வரும்போது நல்ல திரி ஒரு கட்டு வாங்கி வா, இங்கே கிடைப்பது நாலு நிமிஷத்தில் கருகுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இனிமேல் எதையும் கேட்பதில்லை என்று முருகனிடம் சொல்லி ஆறு மாசம் ஆகிறது. போன வாரம் கேட்டுவிட்டேன். 2006-ல் குறிஞ்சி பூத்தபோது நாம ஸ்பெஷல் டிரிப் அடித்தே செத்தோம், பூவைப் பார்க்கவில்லை. 2018-ல் நாலு பேரும் போய்ப் பார்த்தோம், நீ சறுக்கி விழுந்தாய். அடுத்தது 2030. அதை அவள் பார்க்கணும், நடந்து போய்ப் பார்க்கணும் என்று கேட்டேன். மொட்டை எதுவும் சொல்லவில்லை. சும்மா கேட்டேன்.

முருகா என்கிறாள். இது தண்ணிக்கு இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், பொங்கி வழிகிறது போலிருக்கிறது. போகிறேன்.

உன்
மாப்ள