ரெண்டு சென்சாரையும் மாத்தச் சொன்னாங்களாமே, பொறு பாப்பா

பாப்பா,

நம்ம வண்டில இஞ்சின் லைட்டு எரியுதுன்னு ஒர்க்ஷாப்ல காட்டுனப்ப குடுத்த எஸ்டிமேட்ட பாத்தேன். ரெண்டு ஆக்ஸிஜன் சென்சாரும் போச்சு, ரெண்டையும் மாத்தணும்னு எழுதியிருக்காங்க, ஆனா அதே பேப்பர்ல மேல பாரு, ஃபால்ட் கோடு, அதான் வண்டி கம்ப்யூட்டர் காட்டுற பழுது நம்பர், ஒன்னுதான் இருக்கு, பி0135. அது முன்னாடி, அதாவது இஞ்சின் பக்கம் இருக்க சென்சாரோட ஹீட்டருக்கு உள்ளது. பின்னாடி ஹீட்டர் போயிருந்தா பி0141 வந்திருக்கணும். வராத கோடுக்கு எதுக்கு பார்ட்டு? சரின்னு சொல்லிறாத.

அந்த சென்சார் என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்க. வெளிய போற புகைல எவ்ளோ ஆக்ஸிஜன் மிச்சம் இருக்குன்னு பாத்து கம்ப்யூட்டருக்கு சொல்லும், அத வச்சுத்தான் அது பெட்ரோல கூட்டும் கொறைக்கும். உள்ள இருக்க செராமிக் 300 டிகிரிக்கு மேல சூடானாத்தான் ஒழுங்கா பேசும், சீக்கிரம் சூடேத்தத்தான் அந்த ஹீட்டர். அது செத்துருச்சுன்னா புகைச் சூட்டுலயே தானா சூடாகுற வரைக்கும் கம்ப்யூட்டர் குத்துமதிப்பா பெட்ரோல ஊத்திக்கிட்டு இருக்கும். உன் ஆபீஸ் பக்கத்துலதான, சூடாகுறதுக்குள்ள போய்ச் சேந்துருவ. இங்க வரும்போது தாராபுரம் ஒட்டன்சத்திரம்னு நிக்காம ஓட்டுனப்ப மைலேஜ் நல்லா குடுத்துச்சு, கோயம்புத்தூருக்குள்ளதான் குடிக்குதுன்னு நீயே சொன்னேல்ல, அது இதனாலதான் இருக்கும்.

ஆனா கோடு ஹீட்டர் சர்க்யூட்னுதான் சொல்லுது, சென்சார் போச்சுன்னு சொல்லல. ஃபியூஸ் போயிருக்கலாம், வயர் போயிருக்கலாம். நம்ம ஒத்தக்கடைல ராத்திரி வெளிய நிக்கிற வண்டி ஒன்ன விடுறதில்ல எலி. பக்கத்து வீட்டு மாமா வண்டில இதே லைட்டு எரிஞ்சப்ப பானெட்ட தொறந்து டார்ச் அடிச்சு பாத்தா, கனெக்டருக்கு இந்தப் பக்கம் வண்டி வயரிங்ல கறுப்பு ஸ்லீவ் பிஞ்சு கெடக்கு, சுத்தியும் எலிப் புழுக்கை, உள்ள ஒரு வயர் ரெண்டு செம்பு இழைல தொங்குது. அவரு புது சென்சார் வாங்கி மாட்டியிருந்தாலும் லைட்டு எரிஞ்சுகிட்டேதான் இருந்திருக்கும். அதனால மொதல்ல ஃபியூஸ பாரு, அப்பறம் வயர கையால தடவிக்கிட்டே போ, இஞ்சின் ஆறினப்பறம்தான்.

ரெண்டும் நல்லா இருந்தா மல்டிமீட்டர எடு. சாவிய ஆஃப் பண்ணிட்டு சென்சார் கனெக்டர கழட்டு, சென்சார் பக்கம் நாலு வயர் வரும், ஒரே கலர்ல ரெண்டு இருக்கும்ல, பெரும்பாலும் வெள்ளை, அதுதான் ஹீட்டர். ஓம்ஸ்ல வச்சு அந்த ரெண்டையும் தொடு. ஆறுன சென்சார்ல சில ஓம்ஸ்ல இருந்து இருவது வரைக்கும் ஏதாச்சும் காட்டுனா ஹீட்டர் உயிரோட இருக்கு. மீட்டர்ல ஓஎல்னு (OL) வந்தா உள்ள அறுந்துருச்சு, அப்ப மாத்திரலாம், சந்தேகமே வேணாம். நல்ல ஓம்ஸ் வருது ஆனாலும் லைட்டு எரியுதுன்னா இஞ்சின ஓட விட்டு வண்டி பக்க கனெக்டர்ல 12 வோல்ட் வருதான்னு பாக்கணும்.

பின்னாடி சென்சாருக்கு கழட்டுற வேலையே இல்ல. உன்கிட்ட ப்ளூடூத் ஸ்கேனர் இருக்குல்ல, இஞ்சின் நல்லா சூடானப்பறம் போன்ல ரெண்டு சென்சார் கிராஃபையும் போடு. நம்ம வண்டில இருக்கது பழைய மாடல் சாதா சென்சார், முன்னாடி உள்ளது 0.1 வோல்ட்டுக்கும் 0.9க்கும் நடுவுல நிக்காம ஏறி எறங்கும். பின்னாடி உள்ளது 0.6, 0.7 பக்கம் பெருசா ஆடாம நிக்கணும். நின்னா அதுவும் நல்லாருக்கு, ரெண்டு சென்சாருக்கும் நடுவுல புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் நல்லாருக்கு. முன்னாடி உள்ளது மாதிரியே அதுவும் ஆடுச்சுன்னா கன்வெர்ட்டர்மேலதான் சந்தேகப்படணும், சென்சார்மேல இல்ல. (கன்வெர்ட்டர் வெலை கேட்டா தல சுத்தும், அது இப்ப வேணாம்.)

மாத்துறதா இருந்தா மொத நாள் ராத்திரியே மரை மேல துரு ஆயில் அடிச்சு வச்சிரு. வெதுவெதுப்பா இருக்கப்ப கழட்டுனா வரும், கொதிக்கிறப்ப கைய வச்சிறாத. 22 எம்எம், ஆனா சாதா சாக்கெட் வயர் இருக்கதால நொழையாது, பக்கத்துல கீறல் விட்ட சாக்கெட் வேணும். புதுச கீழ போட்றாத, உள்ள செராமிக், வெளிய ஒன்னும் தெரியாது ஆனா உடைஞ்சிருக்கும். மரைல கம்பெனியே கிரீஸ் தடவித்தான் வரும், நீ ஒன்னும் தடவாத, முனைல எதுவும் படவே கூடாது. கையாலயே ஏத்திட்டு கடைசியாத்தான் ஸ்பேனர் போடணும், கோணலா ஏத்துனா பைப்போட மரையும் போயிரும். வெலை கம்மியா இருக்குன்னு வயர வெட்டி ஒட்டுற மாதிரி சென்சார் வாங்காத, நம்ம வண்டிக்குன்னு உள்ள கனெக்டரோட வர்றத வாங்கு, அந்த வயர் வழியாதான் உள்ள காத்து போகும், சால்டர் வச்சா அடச்சுக்கும். அடில போகணும்னா ஜாக்கிய மட்டும் நம்பி போகவே கூடாது, ஸ்டாண்ட் இல்லைன்னா மேல இருந்து முன்னாடி சென்சார மட்டும் பாரு.

கீறல் சாக்கெட் நம்ம பொட்டில இருக்கு. ஆரப்பாளையத்துல கோயம்புத்தூர் பஸ்ல குடுத்துவிடுறேன், சிங்காநல்லூர்ல போய் வாங்கிக்க, அம்மாவும் கூட ஏதோ டப்பா கட்டிக்கிட்டு இருக்கா. அதுக்குள்ள நீ ஓம்ஸ் எவ்ளோ வந்துச்சுன்னு மீட்டரோட ஒரு போட்டோ, கிராஃப் ரெண்டையும் ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. அத பாத்துட்டு எதை ஆர்டர் போடணும்னு சொல்றேன்.

அப்பா