காட்பாடியில் அப்பாவின் விமானத்தைக் கொடுத்துவிட்டுப் போனவருக்கு

ஐயா, பெங்களூரிலிருந்து வந்த ரயிலில் என் எதிர் சீட்டில் இருந்தீர்கள். மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிய அவசரத்தில் மேலே வைத்த துணிப்பையை மறந்துவிட்டேன். வண்டி நகரும்போதுதான் நெஞ்சு திக்கென்றது. அதற்குள் நீங்கள் கதவருகே வந்து பையை நீட்டி, "பத்திரம்மா" என்றீர்கள். பெயர்கூடக் கேட்க முடியவில்லை.

பையில் இருந்தது அப்பா மரத்தில் செய்த மாருத் விமான பொம்மை. விமானம் தயாரிக்கும் எச்.ஏ.எல். நிறுவனத்தில் ஃபிட்டராக இருந்தவர். ஜெர்மானியரான குர்ட் டாங்க் தலைமையில் வடிவமைத்து, 1961 ஜூன் 17 அன்று பெங்களூரில் முதன்முதலாகப் பறந்த போர் ஜெட்தான் நிஜ மாருத். இரட்டை எஞ்சின். அதனால் வால்பக்கம் இரண்டு துவாரங்கள் இருந்தே ஆக வேண்டும் என்று அப்பா ஒரு ஞாயிறு முழுக்கக் குடைந்தார். கதவு செய்து மிஞ்சிய தேக்குத் துண்டு. சோப்பு டப்பா மூடியை வெட்டி விமானி அறையின் கண்ணாடி. இறக்கையைத் தேய்க்க உப்புத்தாளை என்னிடம் தருவார்: "ரேகை ஓடுற பக்கமா தேய், கண்ணு." வஜ்ரப் பசை காயும் வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு அந்தத் திண்ணைதான். அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தேன். வால் உடைந்திருந்தது. அந்தச் சின்னத் துண்டை உங்கள் கைக்குட்டையில் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்திருந்தீர்கள். அப்போதுதான் அழுதேன்.

ரொம்ப நன்றி ஐயா. வாலை ஒட்டிவிட்டேன். கைக்குட்டையைத் துவைத்து விமானத்துக்கு அடியிலேயே விரித்திருக்கிறேன்.