கணக்கை ஒளிப்பது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகக் கடல்களில் மீன்வளம் குறைந்துவருவது பற்றிச் சென்ற வாரம் வந்த தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். கடைசிப் பத்தி வரை நன்றாகத்தான் எழுதியிருந்தீர்கள். அங்கே ஒரு வரி: "பிடிக்கும் மீனின் உண்மைக் கணக்கை மீனவர்கள் ஒளிப்பதால்தான் கடலின் நிலை உலகுக்குத் தெரியாமல் போகிறது." எழுதியவர் காசிமேட்டுக்கு எப்போதாவது வந்திருப்பாரா என்று தெரியவில்லை. வந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து வஞ்சிரம் வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

நான் மீனவன் இல்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஓர் ஏலக்காரரிடம் கணக்கு எழுதியே தலை நரைத்தவன். விசைப்படகு கரை சேர்ந்து, மீனை இறக்கி, ஏலம் முடிவதற்குள் படகின் பெயர், என்ன மீன், எத்தனை கூடை, என்ன விலை, எடுத்தது யார் என்று எல்லாம் நோட்டில் ஏறிவிடும். ஏறாவிட்டால் பங்கு பிரிக்க முடியாது. ஒரு கூடை குறைந்தால் முதலில் என் சட்டையைப் பிடிப்பது அந்தப் படகில் போன தொழிலாளிதான். ஈரத்தில் மை பரவி, செதில் ஒட்டிக் காய்ந்துபோன அந்த நோட்டுகள் பரண் நிறையக் கிடந்தன. "கொடுங்கள், பார்த்துவிட்டுத் தருகிறோம்" என்று ஓர் அதிகாரியும் கேட்டதில்லை. கேட்காததற்குப் பெயர் ஒளிப்பதா?

கொச்சியில் தலைமையகம் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஆள் வருவார், இல்லை என்று சொல்லக் கூடாது. குறித்த நாளில் வந்து சில படகுகளைத் தேர்ந்தெடுத்து, எந்த வலை, எத்தனை நாள் தங்கிப் பிடித்தது, என்னென்ன மீன் என்று கேட்டு எழுதிக்கொள்வார். அந்த மாதிரியை வைத்து மொத்த வரத்தை மதிப்பிடுகிறார்கள். பாவம், நல்ல வேலைதான். ஆனால் நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மீன் இறங்குகிறது. இருக்கிற ஆளை வைத்துக்கொண்டு எவ்வளவுதான் பார்ப்பார்கள்?

எது தப்பிப்போகிறது என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். படகில் போன ஒவ்வொருவரும் வீட்டுக் கறிக்கு ஒரு பை எடுத்துப் போவார்கள். அது எந்த நோட்டிலும் ஏறாது. அப்புறம் கழிவு மீன். முன்பெல்லாம் அதைக் கடலிலேயே கொட்டிவிட்டு வருவார்கள். கோழித்தீவனத்துக்கு விலை போக ஆரம்பித்ததும் கரைக்கு வருகிறது. விரல் நீளச் சங்கரா, கிழங்கான் குஞ்சு, ஓடு இறுகாத நண்டு எல்லாம் ஒரே குவியல். நாங்கள் எழுதுவது "கழிவு, இத்தனை பெட்டி" என்று ஒரே வரி. எடையைப் பார்த்தால் வரத்து கூடியிருக்கும். படகில் போகிறவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். போதாததற்கு, ஆந்திரக் கரையோரம் பிடித்த மீனும் காசிமேட்டில் இறங்கினால் தமிழ்நாட்டுக் கணக்குதான்.

இது எங்கள் ஊர்க் கூத்து மட்டும் இல்லை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் படித்த என் மகள் எனக்குச் சொன்னது இது. டேனியல் பாலி, டிர்க் செல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2016இல் உலக மீன்பிடிப்பை மறுபடி கணக்கிட்டார்கள். ரோமில் இருக்கும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கணக்கில் 1996இல் பிடித்தது 8.6 கோடி டன். இவர்கள் கணக்கில் 13 கோடி டன். சிறு படகு, வீட்டுக்கு எடுத்துப்போவது, கடலில் கொட்டுவது எல்லாம் பல நாடுகள் அனுப்பும் கணக்கில் இல்லை. இல்லாததை உலகக் கணக்கில் பூஜ்யம் என்றே வைத்துக்கொண்டார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. நம் வங்கக்கடலின் அந்தக் கரையில் மியான்மர் அரசு அனுப்பிய எண்கள் வருடா வருடம் ஏறிக்கொண்டே போயின. பிறகு உணவு வேளாண்மை அமைப்பே 2006 முதல் 2015 வரையிலான கணக்கைக் குறைத்துத் திருத்தியது. அங்கே இல்லாத மீனை எழுதியது படகுக்காரனா, ஆபீஸா?

உலக மீன் இருப்புகளில், அதாவது ஒரு கடல் பகுதியில் ஒன்றாகக் கணக்கிடப்படும் ஓர் இன மீன் கூட்டங்களில், 35.5 சதவீதம் அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகிறது என்று 2025இல் அந்த அமைப்பு சொன்னதைத் தாங்கள் வெளியிட்டீர்கள். இந்தியாவில் 2022இல் ஆராய்ந்த 135 இருப்புகளில் 91.1 சதவீதம் நல்ல நிலையில் இருப்பதாக நம் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் சொன்னதையும் வெளியிட்டீர்கள். இரண்டில் எதைக் காசிமேட்டுக்காரன் நம்புவது? அதற்கு மட்டும் தங்கள் பத்திரிகையில் இடம் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை. 45 நாளாக இருந்தது 61 ஆனது. சரி, அதனால் எந்த மீன் எவ்வளவு கூடியது என்று துறைமுகத்தில் ஒரு தாளாவது ஒட்டினார்களா? கணக்கு ரோமுக்குப் போகிறது, கொச்சிக்குப் போகிறது, காசிமேட்டுக்கு மட்டும் திரும்பி வருவதில்லை.

இந்தக் கணக்கு இல்லாமல் போனால் யார் தலையில் விடிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் எதுவும் கசியவில்லை என்று முதலில் சொன்னார்கள். பிறகு வாளியால் அள்ளினார்கள். அந்தப் படத்தை முதல் பக்கத்தில் போட்டீர்கள். சென்னையில் மீன் வாங்க ஆள் இல்லாமல் என் தங்கை கூடையோடு திரும்பி வந்த நாட்கள் எந்தப் பக்கத்திலும் வரவில்லை. அப்போது நான் எழுதிய கடிதமும்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் மறுபடியும் எண்ணெய். நிவாரணம் கேட்கப் போன எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணியிடம், "வழக்கமாக எவ்வளவு பிடிப்பாய், ஆதாரம் இருக்கிறதா?" என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டாராம். இடுப்பளவுச் சேற்றுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறவருக்கு ரசீது யார் கொடுப்பார்கள் ஐயா? அந்தக் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்தபோதாவது அங்கே என்ன மீன் எவ்வளவு இருந்தது என்று எழுதிவைத்திருந்தால், அவர் வெறுங்கையோடு நின்றிருக்க வேண்டாம்.

உலக வர்த்தக அமைப்பின் மீன்பிடி மானிய ஒப்பந்தம் 2025 செப்டம்பர் 15இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட இருப்புகளைப் பிடிக்கப் பொதுவாக மானியம் கூடாது என்கிறது. நாளைக்கு எங்கள் படகுகளின் டீசல் மானியத்தில் கை வைக்க வந்தால், எந்தக் கணக்கைக் காட்டி வருவார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தங்கம் விலை, கோயம்பேடு காய்கறி விலை, புழல் ஏரி நீர்மட்டம் எல்லாம் தினமும் போடுகிறீர்கள். வாரம் ஒரு நாள் காசிமேடு வரத்தையும் போடுங்கள்: எத்தனை விசைப்படகு, எத்தனை ஃபைபர் படகு வந்தன, முக்கியமான ஐந்தாறு மீன் எத்தனை டன், கழிவு எவ்வளவு. தங்கள் நிருபர் விடியற்காலையில் வந்தால் ஏலக்காரர்களிடம் நானே அழைத்துப் போகிறேன், டீயும் வாங்கித் தருகிறேன். தலையங்க வரிக்குத் திருத்தம் போட மனம் இல்லை என்றால் போகட்டும், இந்தக் கடிதத்தையாவது வெட்டாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஏலக் கணக்கர்,
புதுவண்ணாரப்பேட்டை, சென்னை.