விமானம் இறங்கும்போது பிள்ளையை எழுப்பிவிடு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. டெக்சாஸிலிருந்து தோகா வழியாகச் சென்னைக்கு ரெண்டு பிள்ளைகளோடு நீ தனியாக வருவதைப் பற்றி நேற்று போனில் பேச நினைத்ததைப் பேச முடியவில்லை. சின்னக்குட்டி அழுதாள், மூத்தவன் போனைப் பிடுங்கிக்கொண்டான், நீயும் "அப்புறம் கூப்பிடுறேம்மா" என்று வைத்துவிட்டாய். போகிற போக்கில் நீ சொன்ன ஒரு வார்த்தை ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

"ஃபிளைட்ல ஏறுறதுக்கு முன்னாடி ஒரு ஸ்பூன் அலர்ஜி சிரப் கொடுத்தா நல்லா தூங்கிடுமாம், இங்க நிறைய பேர் அப்படித்தான் செய்றாங்க" என்றாய். வேண்டாம் கண்ணு. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உனக்கு நான் கொடுத்திருக்கிறேன். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

1994. அப்பா மஸ்கட்டில் இருந்தார். உனக்கு 10 மாதம். மதுரையிலிருந்து பஸ்ஸில் திருவனந்தபுரம் போய், அங்கிருந்து விமானம். எனக்கு அதுதான் முதல் விமானம், கூட யாரும் கிடையாது. பிள்ளை அழுது ஊரைக் கூட்டினால் என்ன செய்வது என்ற பயத்தில் தெரு மருந்துக்கடையில் கேட்டேன். "இதுல ரெண்டு மூடி கொடுங்க, போய்ச் சேர்ற வரைக்கும் சத்தமே வராது" என்று ஒரு சளி மருந்தைக் கொடுத்தார்கள். கொடுத்தேன். சத்தமே வரவில்லை. மஸ்கட்டில் அப்பா ஓடி வந்து உன்னைக் கையில் வாங்கினார், நீ கண் திறக்கவில்லை. உன் கையைத் தூக்கிப் பார்த்தேன், ஈரத்துணி மாதிரி விழுந்தது. பால் வைத்தால் வாய் வழியே வெளியே வந்தது. அன்று ராத்திரி நானும் அப்பாவும் மாறி மாறி உன் நெஞ்சில் கைவைத்து மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விடிந்து எட்டு மணிக்குத்தான் நீ வீரிட்டு அழுதாய். அந்த அழுகையைக் கேட்டு அப்பா சுவரில் சாய்ந்து அழுதார்.

இன்னும் அந்த வழக்கம் போகவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. 2023 டிசம்பரில் நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, குளோர்பெனிரமைன் என்ற அலர்ஜி மருந்தும் ஃபினைலெஃப்ரின் என்ற மூக்கடைப்பு மருந்தும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று பாட்டிலிலேயே அச்சிடச் சொல்லியிருக்கிறது. நீ சொன்ன சிரப் அட்டையையும் எடுத்துப் படி, பிள்ளையைத் தூங்கவைக்க இதைப் பயன்படுத்தாதே என்று அதிலேயே எழுதியிருக்கும். சில பிள்ளைகளுக்கு அது தூக்கத்தைக் கொடுக்காமல் வெறி பிடித்த மாதிரி ஆட்டியும் வைக்குமாம். 14 மணி நேரத்துக்கு மேல் நடுவானில், டாக்டர் இல்லாத இடத்தில், அந்தச் சோதனை எதற்கு?

சரி, அழுதால் என்ன செய்வது? முதலில் ஏன் அழுகிறது என்று பார். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது உனக்குக் காது அடைக்கும், "அம்மா காது"ன்னு என் மடியில் முட்டுவாய், ஞாபகம் இருக்கிறதா? விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6000 முதல் 8000 அடி உயரத்தில் இருப்பதுபோலத்தான், கிட்டத்தட்ட கொடைக்கானல். பஸ் இரண்டு மணி நேரமாக இறங்கும் மலையை விமானம் அரை மணியில் இறங்கிவிடும். ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று தானாக வெளியேறிவிடும், அவ்வளவு தொந்தரவில்லை. இறங்கும்போதுதான் வெளியிலிருந்து காற்று உள்ளே போக வேண்டும். தொண்டைக்கும் காதுக்கும் நடுவே உள்ள குழாய் விழுங்கினால்தான் திறக்கும். கைப்பிள்ளைக்கு அந்தக் குழாய் குறுகலாகவும் படுத்தவாக்கிலும் இருக்கும். அதுதான் அந்த வீரிடல்.

அதனால் இறங்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்ததும் சின்னக்குட்டி தூங்கினாலும் எழுப்பிவிடு. தூங்கும் பிள்ளை விழுங்குவது குறைவு. எழுப்ப மனசு வராது, எனக்குத் தெரியும். எழுப்பிப் பால் கொடு. அதுவரை கொஞ்சம் பசியோடு இருந்தால் இன்னும் நல்லது. மூத்தவனுக்கு ஸ்ட்ரா போட்டுத் தண்ணீர் கொடு, கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சட்டும். கல்கண்டு, கடலைமிட்டாய், கெட்டி மிட்டாய் எதுவும் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது மருத்துவர் இல்லை. மஸ்கட்டிலிருந்து திரும்பும்போது உனக்கு மருந்து கொடுக்கவில்லை. திருவனந்தபுரத்தில் இறங்க ஆரம்பித்ததும் நீ காதைப் பிய்த்துக்கொண்டு கத்தினாய். முன் சீட்டில் ஒருவர் திரும்பித் திரும்பி முறைத்தார். பக்கத்தில் ஒரு மலையாள அம்மா, அங்கே ஏதோ வீட்டில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறவர், தன் சால்வையை எடுத்து என் தோளைச் சுற்றிப் போர்த்தினார். "பால் கொடு மோளே, ஆரும் நோக்கில்லா" என்றார். நாலு வாய் குடித்தாய், அழுகை நின்றது. சக்கரம் தரையைத் தொடும்வரை அந்தம்மா சால்வையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அவர் பேரைக்கூட நான் கேட்கவில்லை.

பக்கத்து சீட்டுக்காரர்களுக்கு மிட்டாயும் காதடைப்பானும் ஒரு மன்னிப்புச் சீட்டும் பையில் போட்டுக் கொடுக்கப் போகிறேன் என்றாயே, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. காது வலித்து ஒரு பிள்ளை அழுவதற்கு நீ எதற்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்க வேண்டும்? சிரித்து ஒரு வணக்கம் சொல். போதும்.

அப்புறம் டிக்கெட். 2 வயது வரை மடியில் வைத்துக்கொள்ளலாம், செலவும் குறைவுதான். ஆனால் உங்கள் ஊரில் கார் சீட் இல்லாமல் மருத்துவமனையிலிருந்து பிள்ளையைக் காரில் ஏற்றவே விடவில்லை என்று நீதானே சொன்னாய்? 1989ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சூ சிட்டியில் ஒரு விமானம் விழுந்தது. மடிப்பிள்ளைகளைத் தரையில் வைத்து அணைத்துப் பிடிக்கச் சொல்வதுதான் அப்போதைய விதி. ஜான் பிரவுன் என்ற பணிப்பெண் அப்படியே சொன்னார். 2 வயதுகூட ஆகாத மடிப்பிள்ளை ஒன்று இறந்துபோனது. அதன்பிறகு மடிப்பிள்ளைக்கும் தனி சீட் வேண்டும் என்று அவர் பல வருடம் போராடினார். கட்டாயம் இன்னும் வரவில்லை. குலுங்கும்போது எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. சின்னக்குட்டிக்கும் ஒரு சீட் எடு. பணத்துக்கு யோசிக்காதே, பாதியை நான் அனுப்புகிறேன், என் பென்ஷன் வேறு எதற்கு? கார் சீட்டில் விமானத்துக்கும் ஏற்றது என்று சிவப்பு எழுத்தில் இருக்கிறதா பார். சீட் கிடைக்காமல் மடியில்தான் வைக்கவேண்டி வந்தால், உன் பெல்ட்டுக்குள் அவளைச் சேர்த்துக் கட்டாதே. குலுங்கினால் உன் பாரம் முழுவதும் அவள்மேல் இறங்கும். பிள்ளைக்கென்று சின்ன பெல்ட் தருவார்கள், கேட்டு வாங்கு.

தடுப்பூசியைத் தள்ளிப்போடாதே. நம் ஊரில் தட்டம்மை ஊசி 9 மாதத்திலேயே போடுகிறோம், அங்கே ஒரு வயதுக்குத்தான். வெளிநாடு போகும் 6 முதல் 11 மாதப் பிள்ளைக்கு முன்கூட்டியே ஒன்று போடுவார்கள், கேள். கிளம்புவதற்கு இரண்டு வாரமாவது முன்னால் போட்டிருக்க வேண்டும். 2025ல் உங்கள் டெக்சாஸிலேயே பரவியது மறந்துவிட்டதா?

கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற கணக்கு பாலுக்கும் பிள்ளை உணவுக்கும் கிடையாது, விமான நிலையச் சோதனையில் முதலிலேயே எடுத்துக் காட்டிவிடு. மாப்பிள்ளை பின்னால் வருவதால் அவர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் ஒன்று கைப்பையில் இருக்கட்டும். உனக்கும் ஒரு மாற்றுச் சட்டை வை, பிள்ளை கக்கினால் தோகாவில் அலைய முடியாது.

நான் முந்தின நாளே வைகை ரயிலில் சென்னை வந்துவிடுவேன். விடிகாலை எத்தனை மணியானாலும் வெளியே கம்பிக்குப் பக்கத்தில் நிற்பேன். பத்தரை மணி நேரம் தலைகீழாக மாறுவதால் ரெண்டு பேரும் முதல் நாலு நாள் நடுராத்திரி எழுந்து விளையாடக் கேட்பார்கள். கேட்கட்டும். தூளி கட்ட உன் பழைய சேலையைத் துவைத்து வைத்திருக்கிறேன், பிளாஸ்க்கில் வெந்நீர் இருக்கும். அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு.

அன்புடன்,
அம்மா