பாதுகாப்புத் துறை கூடுதல் பொறுப்பா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மத்திய அமைச்சரவை மாற்றம் பற்றிய ஊகச் செய்திகள் எழும்போதெல்லாம், எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பதே பேச்சாக இருக்கிறது. பாதுகாப்புத் துறையை வேறொரு துறையின் அமைச்சரிடமோ பிரதமரிடமோ கூடுதல் பொறுப்பாக விட்டுவைக்கும் பழக்கத்தை யாரும் கேள்வி கேட்கக் காணோம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் வைஸ்ராயின் நிர்வாக சபையில் தலைமைத் தளபதியே உறுப்பினராக அமர்ந்திருந்தார். அப்பதவியில் இருந்த கிட்சனருடன் மோதிய வைஸ்ராய் கர்சன் பிரபுதான் 1905இல் பதவி விலக நேர்ந்தது. 1946 செப்டம்பரில் அமைந்த இடைக்கால அரசில் பல்தேவ் சிங் பாதுகாப்புத் துறையை ஏற்ற பிறகே, ராணுவம் மக்கள் பிரதிநிதி ஒருவரின் பொறுப்பில் வந்தது. அப்படி வந்த பதவியை நாம் எப்படி நடத்தினோம்?

தஞ்சை மண்ணின் கோபாலசாமி அய்யங்கார் 1953இல் பாதுகாப்பு அமைச்சராக இருக்கும்போதே காலமானதும், நேரு அத்துறையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். 1962 அக்டோபர் இறுதியில் கிருஷ்ண மேனன் விலகிய பிறகும் அப்படித்தான். சீனாவுடனான போரில் வடகிழக்கு எல்லையின் சே லா கணவாய் வீழ்ந்த நவம்பர் நாட்களில் தனி அமைச்சர் இல்லை. சீனா போர்நிறுத்தம் அறிவித்த நேரத்தில்தான் ஒய்.பி. சவான் பொறுப்பேற்றார். பின்னர் இந்திரா காந்தி, ராஜீவ் காந்தி, வி.பி. சிங், சந்திரசேகர், நரசிம்ம ராவ் என்று பிரதமர்கள் பலரும் இத்துறையைச் சேர்த்தே சுமந்தார்கள்.

அண்மைக்கால உதாரணம் இன்னும் உறுத்துகிறது. 2017 மார்ச்சில் மனோகர் பாரிக்கர் கோவா முதல்வராகச் சென்றபோது, நிதியமைச்சர் அருண் ஜேட்லியிடம் இரண்டாம் முறையாக இத்துறை சேர்க்கப்பட்டது. டோக்லாமில் இந்திய, சீன வீரர்கள் எதிரெதிரே நின்ற ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான வாரங்கள் முழுவதும் இதே நிலைதான். செப்டம்பரில்தான் நிர்மலா சீதாராமன் வந்தார். பணம் கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவராகவே இருந்தால் கோப்பு விரைந்து நகரும் என்பார்கள். ஆனால், படைகளின் தேவைக்காக நிதியமைச்சகத்துடன் வாதாட ஆள் இல்லாமல் போகிறது என்பதே என் கவலை. தளவாடக் கொள்முதல் கவுன்சிலுக்குத் தலைமை தாங்குபவரும் பாதுகாப்பு அமைச்சரே. பீரங்கியோ போர் விமானமோ, தேவைதான் என்று அந்தக் கவுன்சில் ஏற்ற பிறகே டெண்டர் வரை போக முடியும்.

முழுநேர அமைச்சர் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. மேனன் ஐந்தாண்டுகளுக்கு மேல் இருந்தார். அவருடன் ஒத்துப்போக முடியாமல் 1959இல் தளபதி திம்மையா ராஜினாமா கடிதமே கொடுத்தார், நேரு சமாதானம் செய்து திரும்பப் பெறவைத்தார். (ஆவடியில் டாங்கி தொழிற்சாலை அமைந்தது மேனன் காலத்தில் என்பதையும் இவ்வூர்க்காரனாகச் சொல்லியாக வேண்டும்.) அவருக்குப் பின் வந்த சவான், முப்படைத் தளபதிகளையும் துறைச் செயலரையும் காலைதோறும் கூட்டிப் பேசும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். வேறொரு துறையின் கோப்புகளும் மேஜையில் குவிந்திருக்கும் அமைச்சரால் அது இயலுமா?

பாதுகாப்பு அமைச்சர் விலகினால் சில நாட்களுக்குள் முழுநேர அமைச்சரை நியமிப்பதை மரபாக்க வேண்டும். பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இதைத் தன் அடுத்த அறிக்கையிலேயே பரிந்துரைக்கலாம். அதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவைப்படாது.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
ஆவடி.